தோராவின் மகன்

மாலை மணி நாலே முக்கால்... கும்மிருட்டு. நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. மேலரன் ஏரிக்குத் தெற்கே, காட்டுக்குள் போகிற சரளைச் சாலை. ஒரு பக்கம் ஊசியிலை மரங்கள்... மறுபக்கமும் அதேதான். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வீடு இருக்கும். அதிலும் ஆள் இருக்காது. கோடையில்தான் வருவார்கள்.

அந்தச் சாலையில் ஒரு பேருந்து வந்து நின்றது.

அடுப்பில் இன்னொரு கட்டை போடுங்கள். அப்படியே கதவுப் பக்கம் யாராவது என்னோடு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பயமெல்லாம் இல்லை... எனக்கு முதுகுவலி.

இது என் சினேகிதன் ஸ்டூரேவின் தங்கை கணவனுக்கு நடந்தது. அவன் பெயர் ஹோல்கர். வைக்கிங் காலத்து இடங்களைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி. ஸ்டூரேதான் பேருந்து ஓட்டுநர். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் பதினோரு வருடம்... சண்டை போடாமல் ஒரு நாளும் போனதில்லை. போகாமலும் இருந்ததில்லை.

ஹோல்கர் வேடிக்கைப் பேச்சுக்காரன். புதைமேட்டைக் காட்டி, "உள்ள இருக்கறவரு ஆயிரம் வருஷமா வாடகை குடுக்காம இருக்காரு" என்பான். ஜெர்மன்காரர்கள் சிரிப்பார்கள். நம்மவர்கள் சிரித்துவிட்டு, பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பார்கள்.

அந்த வேடிக்கைதான் அவனை ஒரு முறை கவிழ்த்தது. மனைவி பார்ப்ரோ இறந்தபோது, அடக்கத்தில் பேச எழுந்தான்.  என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நகைச்சுவை சொன்னான். மகன் எஸ்கில் முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனான். போனவன் இரண்டு வருடம் வரவில்லை. ஃபோனும் இல்லை.

போன வாரம்தான் கூப்பிட்டான். "கல்லறைத் திருநாளுக்கு வரேன்பா. அம்மாவுக்கு ரெண்டு பேருமா விளக்கு வைப்போம். ஆறரைக்குத் தேவாலயத்துக்கு வந்துடறேன்."

அந்தச் சனிக்கிழமைதான் இது. ஹோல்கர் காலையிலிருந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், ஃபோன் இருக்கிறதா என்று.

"மாப்ளே, அது எங்கயும் ஓடிப் போகாது" என்றான் ஸ்டூரே.

"அவன் வழியில கூப்பிட்டா?"

"கூப்பிட்டா அடிக்கும். அதுக்குத்தான் அதை வாங்கியிருக்கே."

வண்டியில் இருபத்திரண்டு பேர். ஓய்வூதியர் சங்கம். அந்த வருடத்தின் கடைசிச் சுற்றுலா. புதைமேடு பார்த்தாயிற்று, கப்பல் வடிவத்தில் நட்ட கற்களைப் பார்த்தாயிற்று, இரண்டு முறை காபியும் ஆயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு நடுகல். பேருந்து அதற்கு மேல் போகாது. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே முந்நூறு அடி நடக்க வேண்டும்.

நடந்தார்கள். காலடியில் உறைபனி நொறுங்கிற்று... கறுக்... கறுக்... வேறு சத்தமே இல்லை.

கல் ஆள் உயரம். பாம்பு மாதிரி சுருண்ட வரிகள், எழுத்துகளில் சிவப்புச் சாயம். ஹோல்கர் வழக்கம்போல விளக்கை அடித்துப் படித்தான். "தோரா இந்தக் கல்லை நட்டாள்... தன் மகனுக்காக. அவன் கிழக்கே போனான். திரும்பவில்லை."

மகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கல் உடைந்திருந்தது. ஒரு கையகலத் துண்டு. யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

இங்கேதான் ஹோல்கரின் தப்பு இருக்கிறது. முதல் சில வருடம் அவன் உண்மையைத்தான் சொன்னான். பெயர் தெரியாது என்றதும் வந்தவர்களின் முகம் தொங்கிவிடும். ஒரு தடவை ஒரு பெண்மணி, "பெத்தவ நட்ட கல்லுல பிள்ளை பேரு இல்லையா?" என்று கண் கலங்கினாள். ஹோல்கருக்கு மனம் கேட்கவில்லை. வாயில் முதலில் வந்த பெயரைச் சொன்னான். எந்தத் தகப்பனுக்கும் முதலில் வருகிற பெயர்தான்.

எஸ்கில்.

கூட்டம் 'அப்பாடா' என்று மூச்சுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுலாவிலும் அந்தக் கல்லில் எஸ்கில் இருந்தான். ஸ்டூரே மட்டும் திட்டுவான். "உயிரோட இருக்கற பிள்ளையைக் கொண்டுபோய்ச் செத்தவன் கல்லுல ஏத்தறியே, அறிவிருக்கா?" ஹோல்கர் சிரிப்பான்.

அன்றும் சொன்னான். "தன் மகன் எஸ்கிலுக்காக."

சங்கத்தில் சிக்னே என்று ஒரு அம்மாள். எண்பத்து மூன்று வயது. கைப்பையைத் திறந்து ஒரு கல்லறை விளக்கை எடுத்தாள். வெள்ளைக் கூடு, தகர மூடி, உள்ளே மெழுகு... இந்தப் பருவத்தில் எல்லாக் கடை வாசலிலும் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான்.

"எங்க வீட்டாளுங்களுக்கு எல்லாம் காலையிலயே வெச்சுட்டேன், தம்பி. இது ஒண்ணு மிச்சம். இந்தப் பையனுக்கு வைக்க யாரு இருக்கா?"

குனிந்து, கல்லின் அடியில் வைத்து, தீக்குச்சி கிழித்தாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சிக்னே சொன்னாள், "எஸ்கிலுக்கு... அமைதியா தூங்குப்பா."

இருபத்தோரு பேரும் முணுமுணுத்தார்கள். "எஸ்கில்... எஸ்கில்... எஸ்கில்..."

 கல்லறைத் திருநாள். நடுகல். விளக்கு. மகன் பெயர். 'நிறுத்துங்க, அது நான் இட்டுக்கட்டின பெயர்' என்று சொல்ல வாயைத் திறந்தான். எதிரே தொப்பி கழற்றின வெண்தலைகள். சிக்னேயின் கன்னம் நனைந்திருந்தது. இத்தனை வருடப் பொய்யை அந்த முகத்துக்கு முன்னால் எப்படி எடுப்பது?

வாயை மூடிக்கொண்டான். சிரிக்காதீர்கள். நானாக இருந்தாலும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஒரு விருந்தில் மீன் எலும்பு தொண்டையில் மாட்டியபோது, வீட்டுக்காரி மனம் நோகும் என்று நன்றாக இருக்கிறது என்றவன் நான்.

எல்லாரையும் பேருந்தில் ஏற்றிவிட்டு, கைவிளக்கை மறந்துவிட்டேன் என்று ஸ்டூரேவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். விளக்கு அவன் கையிலேயே இருந்தது. ஸ்டூரே அதைப் பார்த்தான்.

கல்லருகே வாடை மாறியிருந்தது. தார் எண்ணெய்... நனைந்த கம்பளி... புகை. மரங்களின் உச்சியில் காற்று இரைந்துகொண்டிருந்தது. விளக்கின் சுடர் மட்டும் அசையவில்லை. யாரோ இரண்டு கையாலும் பொத்திப் பிடித்த மாதிரி.

ஊதினான். அசையவில்லை. விரலால் திரியைக் கிள்ளினான். தோல் பொசுங்கியது... சுடர் அப்படியே நின்றது. கூட்டோடு தூக்கப் பார்த்தான். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் கூடு. பாறையில் முளைத்த மாதிரி இருந்தது. வரவில்லை.

மண்டியிட்டான்.

"அது உங்க பையன் இல்லைம்மா. அது என் பையன். உங்க பையன் பேரு எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்... மன்னிச்சுடுங்க."

சத்தமில்லை. காற்றும் நின்றது.

பிறகு, கல்லுக்குப் பின்னாலிருந்து, ஒரு பெண் குரல். மெதுவாக. வெகுநாள் பேசாத தொண்டை.

"எஸ்... கில்."

சொல்லிப் பார்க்கிற மாதிரி. இன்னொரு தடவை, சரியாக. "எஸ்கில்." மூன்றாவது தடவை சத்தமாக, சாப்பிட வரச்சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில். அந்தக் குரல் ஹோல்கரைப் பார்த்துப் பேசவில்லை. சாலையைப் பார்த்துக் கூப்பிட்டது.

சுடர் படக்கென்று அணைந்தது. ஹோல்கரின் கை இன்னும் கூட்டைப் பிடித்திருந்தது. இப்போது அது கையோடு வந்துவிட்டது... பஞ்சு மாதிரி.

அங்கேயே நின்று ஃபோன் போட்டான். அடித்தது... அடித்தது... ஒன்பதாவது தடவை அடித்தபோது எஸ்கில் எடுத்தான்.

"அப்பா! வந்துக்கிட்டே இருக்கேன். பாதிக்கு மேல வந்தாச்சு."

சாதாரணக் குரல். சந்தோஷமான குரல். 

"எஸ்கில், நான் சொல்றதைக் கேளுடா. எங்கயும் நிறுத்தாதே. யாரு கூப்பிட்டாலும்—"

"நிறுத்திட்டேனே."

"என்னது?"

"ரோட்டோரமா ஒரு அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்கப்பா. இந்தக் குளிர்ல கால்ல செருப்புகூட இல்லை. விட்டுட்டா வர முடியும்? பின்னாடி உக்காந்திருக்காங்க. அழறாங்கப்பா, ஏன்னு தெரியலை... இருங்க, என்னமோ சொல்றாங்க..."

இணைப்பு அறுந்தது. அப்புறம் எத்தனை தடவை போட்டாலும் எடுக்கவில்லை.

ஹோல்கர் ஓடிவந்து படியில் ஏறினான். முகத்தைப் பார்த்த ஸ்டூரே, "ஆளுங்களை எண்ணியாச்சா?" என்று மட்டும் கேட்டான். எண்ணவில்லை. வண்டி கிளம்பியது. ஹோல்கர் காதோடு காதாகச் சொன்னான். ஸ்டூரே ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ஹோல்கரை ரொம்பப் பயமுறுத்தியது.

"வேகமா போ, மச்சான்."

"உறைபனி, மாப்ளே. கிழவன் கிழவி இருபத்திரண்டு பேர் பின்னால. இதுக்கு மேல போனா எல்லாருக்கும் சேர்த்து விளக்கு வைக்கணும்."

பின்னாலே தாத்தாக்கள் பாட ஆரம்பித்திருந்தார்கள். சிக்னே தள்ளாடி வந்து, இலவங்கப்பட்டை பன் ஒன்றை ஹோல்கரின் கையில் திணித்தாள். "சாப்பிடு தம்பி, வெளிறிப் போயிருக்கே." ஹோல்கர் அதைச் சாப்பிட்டான். வேறு என்ன செய்வது? மகன் எங்கேயோ ஒரு சாலையில்... இவன் இங்கே பன் மென்றுகொண்டிருந்தான்.

ஸ்டூரே வண்டியை நேராகத் தேவாலயத்துக்கே விட்டான். ஆறு முப்பத்தைந்து. கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு. ஐந்நூறு, அறுநூறு... குளிரில் மெழுகு வாடை. விளக்கு வைத்தவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வாசல் கேட்டருகே எஸ்கில் நின்றிருந்தான்.

முழுசாக. உயிரோடு. மூக்கு நுனி சிவந்து. ஹோல்கர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். பையனும் கட்டிக்கொண்டான். உடம்பு கதகதப்பாக இருந்தது. கார் பக்கத்திலேயே நின்றது. பின்சீட்டில் யாரும் இல்லை. ஹோல்கர் இரண்டு முறை பார்த்தான்.

"அந்த அம்மா எங்கேடா?"

"வாங்கப்பா, குளிருது" என்று எஸ்கில் சிரித்தான்.

சங்கத்தாரை வண்டியிலேயே விட்டுவிட்டு, ஸ்டூரேவும் சேர்ந்து மூன்று பேரும் நடந்தார்கள். பார்ப்ரோவின் கல் மூன்றாவது வரிசையில். ஹோல்கர் விளக்கை ஏற்றி வைத்தான். மூன்று குச்சி வீணாயிற்று. பிறகு நகர்ந்து மகனுக்கு இடம் விட்டான்.

எஸ்கில் நகரவில்லை. மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், முன்பின் தெரியாத வீட்டுத் துக்கத்துக்கு வந்தவன் நிற்பது போல. குனிந்து கல்லிலிருந்த பெயரைப் படித்தான்.

"பார்ப்ரோ..." என்றான். "யாருப்பா இவங்க? உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?"

ஸ்டூரே தன் கையுறையைக் கடித்துக்கொண்டான். அவன் தங்கை அது.

"உன் அம்மாடா" என்றான் ஹோல்கர்.

எஸ்கில் அவனை அன்போடு பார்த்தான். கோபமில்லை. அந்தப் பழைய கோபம் ஒரு துளிகூட இல்லை.

"நீங்க மாறவே மாட்டீங்கப்பா. இங்க வந்துமா விளையாட்டு?"

ஹோல்கர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். சத்தியம் செய்தான். பார்ப்ரோ அவனைத் தூக்கி வளர்த்ததை, காய்ச்சலில் மூன்று ராத்திரி விழித்திருந்ததை, அவள் போடுகிற உருளைக்கிழங்கு அப்பத்தைக்கூடச் சொன்னான். வாழ்நாள் முழுக்க வேடிக்கையாகவே பேசிய வாய்... நம்பவைக்க அதற்குத் தெரியவில்லை. எஸ்கில் ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். நல்ல கதை கேட்கிற பிள்ளை மாதிரி.

"ஸ்டூரே மாமா, நீங்களாவது சொல்லுங்க, அப்பாவைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி. அம்மா எவ்வளவு நேரமா குளிர்ல நிக்கிறாங்க, பாருங்க."

அவன் தன் பக்கத்தில், விளக்கே இல்லாத இருட்டுப் பக்கம் திரும்பினான். தன் கனத்த கோட்டைக் கழற்றினான். மார்புயரத்தில் வெறும் காற்றின் மேல் அதைப் போர்த்தி, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, கையை எடுத்தான்.

கோட்டு கீழே விழவில்லை.