கெழவன் பாட்டை யார் பாடுறது?

மேரி: பேசாதீங்க. பேசப் பேசத்தான் தொண்டை இன்னும் கெட்டுப்போவும். இந்தாங்க, மிளகுப்பால். மூச்சுவிடாம குடிங்க.

பிரான்சுவா: மறுபடியுமா? காலையிலதான ஒரு டம்ளர் குடுத்த...

மேரி: பத்து நாளா தொண்டை கட்டியிருக்குன்னா பத்து நாளும் பால்தான்.

பிரான்சுவா: மஞ்சள் தூக்கலா இருக்கு மேரி.

மேரி: இருக்கட்டும். வேணும்னுதான் போட்டேன்.

பிரான்சுவா: ஞாயித்துக்கெழமையும் மிஷினவிட்டு எழுந்திரிக்க மாட்டியா? என்னா அது, கருப்பு ஜாக்கெட்டா? யாருது?

மேரி: ஒரு கஸ்டமருது.

பிரான்சுவா: கழுத்து மூடுற மாதிரி காலரா? நம்ம ஊரு புழுக்கத்துலயா?

மேரி: கேக்கறவங்க கேட்டாங்க, தைக்கறவ தைக்கிறா. தொண்டை கட்டுன ஆளுக்கு எதுக்கு இத்தன கேள்வி?

பிரான்சுவா: சரி, விசயத்துக்கு வரேன். கொயர் மாஸ்டர் ஜூலியன் போன் பண்ணாரு.

மேரி: என்னாவாம்?

பிரான்சுவா: சனிக்கெழம பீச் பக்கத்து ஹால்ல கச்சேரி இருக்கில்ல... நிகழ்ச்சித் தாளு அச்சுக்குப் போவுதாம். அஞ்சு மணிக்குள்ள பேரு சொல்லணுமாம். கெழவன் பாட்டு யாரு பாடுறதுன்னு...

மேரி: யாருன்னா? நீங்கதான். நம்ம கொயர்ல அவ்ளோ கீழ போற குரலு வேற யாருக்கு இருக்கு? உங்க பக்கத்துல நிக்கிற பாவாடையண்ணனப் பாட விட்டா ராசா மாதிரியா இருக்கும்? ராசா வீட்டு வாட்ச்மேன் மாதிரி இருக்கும்.

பிரான்சுவா: இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டு நான் எங்க பாடுறது... மேரி, நீ பாடேன்.

மேரி: ஆ!

பிரான்சுவா: என்னா, ஊசி குத்திடுச்சா?

மேரி: நான் எதைப் பாடணும்?

பிரான்சுவா: கெழவன் பாட்ட.

மேரி: தொண்டையிலதான் கோளாறுன்னு நெனச்சேன். தலைக்கும் ஏறிடுச்சா?

பிரான்சுவா: ஒரு எட்டு சுரம் மேல தூக்கிப் பாடு. ஒனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்.

மேரி: அளவெடுக்கறதப் பத்தி டெய்லர்கிட்டயே சொல்றீங்களா? முன்னூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு இத்தாலிக்காரன், தொந்தியும் அடிக்குரலுமா ஒரு ஆள நிக்க வச்சித் தச்ச சட்டை அது. கெழட்டு ராசாவோட புள்ளைய கடல் கொண்டுபோயிடுச்சு. அவன் கரையில நின்னு கடலையே அதட்டுறான், 'குடு எம்புள்ளைய'ன்னு. அந்த அதட்டலு தரையிலேர்ந்து வரணுங்க. ஒரு பொம்பள மேல நின்னு பாடுனா வைத்திக்குப்பத்துல மீனு பேரம் பேசுற மாதிரிதான் இருக்கும்.

பிரான்சுவா: வைத்திக்குப்பத்துக்காரிங்க அதட்டி நீ கேட்டதில்லயா? போன வாரம் சங்கரா மீனத் தொட்டுப் பாத்துட்டு வாங்காம நவுந்தேன். விழுந்துச்சு பாரு எனக்கு... கடலே ரெண்டடி பின்னால போச்சு.

மேரி: சிரிக்க வைக்காதீங்க, தையல் கோணிக்கும்.

பிரான்சுவா: சிரிச்சிட்டல்ல. அப்ப பாடுறேன்னு சொல்லிடவா?

மேரி: இருங்க, இருங்க. அந்தப் பாட்டுல குரலும், அடித்தொனிப் பெரிய வயலினு செல்லோவும் கைகோத்துக்கிட்டு கீழயே நடக்கும். நான் மேல போயிட்டா செல்லோ அங்க அநாதையா நிக்கும். நான் வயலின் வர்ற வழியில போயி இடிச்சிக்கிட்டு நிப்பேன்.

பிரான்சுவா: ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். வயலின அடக்கி வாசிக்கச் சொல்றேன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு.

மேரி: ஓ... அதுவரைக்கும் பேசியாச்சா?

பிரான்சுவா: இல்ல... பொதுவா...

மேரி: பொதுவா!

பிரான்சுவா: எழுதுன ஆளுங்களே அந்தக் காலத்துல மாத்தினாங்கன்னு நீதான சொன்ன? பாடுறவனுக்கு ஜொரம் வந்தா, வேற யாரு கெடச்சாங்களோ அவங்க குரலுக்கு அதே பாட்ட மாத்தி எழுதிக் குடுத்துடுவாங்கன்னு. மாவீரன் வேசத்துக்கெல்லாம் பொம்பளக் குரல்லதான பாட்டு எழுதுனாங்க. அந்தக் குரலு ஒடையக்கூடாதுன்னே சின்னப் பசங்கள காயடிச்சு...

மேரி: ஐயோ மாதாவே, அந்தக் கொடுமைய ஞாபகப்படுத்தாதீங்க.

பிரான்சுவா: சரி விடு. அந்த மாதிரி ஆளுங்க இப்ப இல்ல. அதுக்காக அந்தப் பாட்டெல்லாம் பொட்டியில போட்டுப் பூட்டிட்டாங்களா? பொம்பளைங்க பாடுறாங்க. ஆம்பளைங்களும் குரல ஏத்திப் பாடுறாங்க. கேட்டவன் எவனும் செத்துப்போவல.

மேரி: அது பாட ஆளே இல்லாத பாட்டு, யாராவது பாடித்தான் ஆவணும். இதுக்கு ஆளு இருக்கு. எதிர்ல உக்காந்து பாலு குடிச்சிக்கிட்டு இருக்காரு. ஒருத்தன் இருக்கும்போதே அவன் பாட்டப் புடுங்கிப் பாடுறது தப்பு.

பிரான்சுவா: நானேதான குடுக்கறேன். புடுங்குறது எங்க?

மேரி: வசந்தாவ மறந்துட்டீங்களா?

பிரான்சுவா: அவ எதுக்கு இப்ப?

மேரி: டெனர் வரிசையில ஆளு பத்தல, நான் போயி நிக்கறேன்னு வந்தாளே. அத்தன பேரு முன்னாடி நான் என்னா பேச்சு பேசினேன்? 'அவங்கவங்க வரிசையில அவங்கவங்க நில்லுங்க, ஆம்பளைங்க வரிசையில உனக்கென்னா வேல'ன்னு. அழுதுக்கிட்டே போனா. பதினஞ்சு வருசம் உச்சக்குரல் பொம்பளைங்களோட சொப்ரானோ வரிசைக்கு முன்னால நின்னு நான் பண்ண அதிகாரம் கொஞ்சமா? இப்ப நானே போயி ஆம்பளப் பாட்டு பாடுனா...

பிரான்சுவா: அதான் பயமா?

மேரி: பயமில்லங்க. வெக்கம்.

பிரான்சுவா: ம்...

மேரி: தைராய்டு ஆபரேசன் ஆகி ஒண்ணர வருசம் ஆவுது. மூட்டுவலி, படி ஏற முடியல, அதான் கொயருக்கு வரலன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். கூரியர்க்காரன் போன் பண்ணி 'சார், வீட்டுல இருக்கீங்களா'ங்கறான். நீங்க சிரிச்சீங்க.

பிரான்சுவா: நீதான் மொதல்ல சிரிச்ச.

மேரி: நான் அழுதா நீங்க சோறு திங்க மாட்டீங்கன்னு சிரிச்சேன்யா.

பிரான்சுவா: மேரி...

மேரி: உச்சியில நின்ன குரலு. இப்ப கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு. அத எடுத்துக்கிட்டு மேடைக்குப் போனா என்னா சொல்லுவாங்க? 'பாவம், குரலு போயிடுச்சு, அதான் புருசன் பாட்டப் பாடுறா'ன்னு...

பிரான்சுவா: எவன்டி சொன்னான் உங்குரலு போயிடுச்சுன்னு? எவன் சொன்னான்? என் முன்னால வந்து சொல்லச் சொல்லு!

மேரி: ஆங்... டம்ளரு அதிருது.

பிரான்சுவா: க்கும்... க்கும்... பாலு வேல செய்யுது போல.

மேரி: யோவ், போதும்யா. நிறுத்து.

பிரான்சுவா: என்னாத்த?

மேரி: போன செவ்வாக்கெழம மூணாந்தேதி. கோயில்ல, தொண்டை நோவுக்குன்னு இருக்கிற புனிதரு பேருல தொண்டை மந்திரிக்கிற பூசை. சாமியார் ரெண்டு மெழுகுவத்திய குறுக்க வச்சி ஒவ்வொருத்தர் தொண்டையிலயும் மந்திரிக்கிறாரு. நல்லாக் கத்துறவன்லாம் வரிசையில நிக்கிறான். தொண்டை கட்டுன மனுசன் மட்டும் தூணுக்குப் பின்னால செருப்பத் தேடிக்கிட்டு இருக்காரு!

பிரான்சுவா: பாத்துட்டியா...

மேரி: ஏன் போவல?

பிரான்சுவா: பொய்த் தொண்டைய நீட்டி, புனிதருக்குக் கோவம் வந்து நெசமாவே கட்டிவிட்டுட்டாருன்னா?

மேரி: அப்ப புனிதர்கிட்டதான் பொய் சொல்லக்கூடாது. பொண்டாட்டிகிட்ட சொல்லலாம்!

பிரான்சுவா: அப்ப அஞ்சு நாளா தெரிஞ்சேதான் பாலக் காச்சிக் குடுத்தியா?

மேரி: மஞ்சள் தூக்கலா.

பிரான்சுவா: அடிப்பாவி! நீ மட்டும் என்னா யோக்கியம்? மூட்டுவலிக்காரி அன்னைக்கு ரெண்டு தடவ வரிசையில நின்னியே. இந்தப் பக்கம் பெரிய சாமியார்கிட்ட ஒருவாட்டி, அந்தப் பக்கம் சின்ன சாமியார்கிட்ட ஒருவாட்டி. மெழுகுவத்திய முட்டியிலயா வச்சாங்க?

மேரி: ...செருப்புத் தேடுறவரு அதயெல்லாமா பாத்தாரு?

பிரான்சுவா: ஒன்னப் பாக்காம வேற யாரப் பாப்பேன்?

மேரி: சரி, கொஞ்சாதீங்க. எதுக்கு இந்த நாடகம்? நேரா சொல்லுங்க.

பிரான்சுவா: பொங்கல் முடிஞ்ச வாரம் தட்டாஞ்சாவடியில கரண்டு போயிடுச்சு. எங்க இரும்புப் பட்டறைய மூடிட்டாங்க, மூணு மணிக்கே வந்துட்டேன். வாசல்ல வண்டிய ஆஃப் பண்றேன், உள்ள மிஷின் ஓடுது. அந்தச் சத்தத்துக்குள்ள கெழவன் பாட்டு.

மேரி: கேட்டுச்சா?

பிரான்சுவா: பூனை கண்ண மூடிக்கிட்டா ஊரு இருட்டாயிடுமா? தெருவுக்கே கேட்டுச்சு. எனக்கு அதட்டத்தான் வரும் மேரி. நடுவுல அதட்டலு அடங்கி அந்த ராசா கெஞ்சுவான் பாரு, அந்த எடத்த நான் சும்மா தாண்டிப் போயிடுவேன். நீ கெஞ்சுன. புள்ளயப் பறிகுடுத்தவ கெஞ்சுற மாதிரியே இருந்துச்சு. வாசல்லயே நின்னு அழுதுட்டேன். எதிர்வீட்டு இராமதாஸ் வந்து, 'என்னாண்ணே, கண்ணுல தூசா'ன்னு கேட்டான்.

மேரி: என்னா சொன்னீங்க?

பிரான்சுவா: இரும்புத் தூளுன்னு சொன்னேன்.

மேரி: அத உள்ள வந்து எங்கிட்ட சொல்லக்கூடாதா?

பிரான்சுவா: சொன்னா நீ மறுநாளே நிறுத்திடுவ. பாடவே மாட்ட. ஒன்ன எனக்குத் தெரியாதா?

மேரி: ...நிறுத்தியிருப்பேன்தான்.

பிரான்சுவா: அதான் தொண்டை கட்டிக்கிச்சு.

மேரி: உங்களுக்கு வலிக்கலயா? நெசமா சொல்லுங்க. எட்டு மாசமா குளிக்கும்போதும் அந்தப் பாட்டு, வண்டி தொடைக்கும்போதும் அந்தப் பாட்டு. உங்களுக்குன்னு மாஸ்டர் எடுத்துக் குடுத்த மொதப் பாட்டு அது.

பிரான்சுவா: வலிக்குது.

மேரி: ம்.

பிரான்சுவா: பத்து நாளு சொன்ன பொய்யே போதும், இதுல சொல்ல மாட்டேன். வலிக்குதுதான். சனிக்கெழம கீழ உக்காந்து கேக்கும்போதும் ஒரு ஓரத்துல வலிக்கும். ஆனா நான் பாடுனா பாட்டு நல்லாருக்கும், அவ்ளோதான். நீ பாடுனா அந்தப் புள்ள திரும்பி வந்துட்டான்னே தோணுது. நீ எம்முன்னால வாயத் தொறந்து பாடி ஒண்ணர வருசமாச்சுடி... வீடே வெறிச்சுன்னு கெடக்கு.

மேரி: ஏங்க... கண்ணத் தொடைங்க. மறுபடி இரும்புத் தூளுன்னு சொல்லாதீங்க.

பிரான்சுவா: நீயும்தான் தொடச்சிக்க.

மேரி: கெஞ்சி முடிச்சதும் திரும்ப அந்த மொத அதட்டலுக்கே வரணுமே. அங்கதான் எனக்கு நடுக்கமா இருக்கு.

பிரான்சுவா: திரும்ப வரும்போது மொத தடவ பாடுன மாதிரியே பாடக்கூடாது, அதே பாட்டு வேற மாதிரி வரணும்னு கொயர்ல அத்தன பேருக்கும் சொல்லிக் குடுத்தவ யாரு?

மேரி: என் பேச்ச எனக்கே திருப்பி விடுறீங்களா?

பிரான்சுவா: மணி நாலே முக்கா ஆச்சு மதாம். மாஸ்டருக்கு நான் என்னா சொல்லட்டும்?

மேரி: அந்தக் கத்திரிய எடுங்க.

பிரான்சுவா: மொதல்ல பதிலச் சொல்லு.

மேரி: எடுங்கன்னா எடுங்க.

பிரான்சுவா: இந்தா... ஏய், ஏய்! தச்ச காலர ஏன் வெட்டுற? கஸ்டமரு கேட்டாங்கன்ன?

மேரி: வேணாமாம்.

பிரான்சுவா: எப்ப சொன்னாங்க?

மேரி: இப்பதான்.

பிரான்சுவா: வெளையாடாத மேரி. நான் மாஸ்டருக்கு போன் போடுறேன், நீயே ஒரு வார்த்த...

மேரி: போன கீழ வைங்க. பொய்த் தொண்டைன்னு தெரிஞ்சதுமே யாருக்காகன்னு புரிஞ்சிடுச்சு. வியாழக்கெழம வசந்தா வீட்டுக்குப் போயிருந்தேன். அவ கையப் புடிச்சி மன்னிப்பு கேட்டேன். அவதான் என்ன மாஸ்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. பாடிக் காட்டுனேன். எம்பேரு அன்னைக்கே எழுதியாச்சு.

பிரான்சுவா: அன்னைக்கேவா? அப்ப இன்னைக்கு அவரு எனக்குப் போன் பண்ணி, அஞ்சு மணிக்குள்ள பேரு சொல்லுங்கன்னாரே!

மேரி: நான்தான் பண்ணச் சொன்னேன். உங்க பாட்ட உங்க வாயால நீங்களே குடுக்கணும், அதக் கேக்கணும்னு இருந்துச்சு. நீங்க கொஞ்சம் தயங்கியிருந்தாலும் அஞ்சு மணிக்குள்ள எம்பேர எடுக்கச் சொல்லியிருப்பேன்.

பிரான்சுவா: அப்ப இவ்ளோ நேரம் எங்கிட்ட சண்ட போட்டது? இந்த ஜாக்கெட்டு...?

மேரி: கழுத்துத் தழும்பு தெரியக்கூடாதுன்னுதான் காலரு வச்சேன். இப்ப தெரிஞ்சா தெரியட்டும் போங்க. எழுந்திரிங்க, கைய நல்லாக் கழுவிட்டு வந்து எனக்குப் பின்னால கொக்கி மாட்டி விடுங்க... மூச்ச இழுத்துப் பாடுனா தோளு புடிக்குதான்னு பாக்கணும்.