ஞாயிற்றுக்கிழமை ஓயாத பெட்டி

வானாளும் ஆண்டவனுக்கு முதல் வணக்கம். மண்ணாளும் மன்னருக்கு மறு வணக்கம். அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் செஃபிட்டா அவர்களே! வயதில் மூத்து, வார்த்தையில் சுருங்கி, இந்தத் தீவின் லோட்டோவாய் கிராமத்தையே கண்ணசைவில் நடத்திவரும் என் அக்கா பெலெனாய்சே அவர்களே! அவை மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டி, ஏப்பத்தை அடக்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! காலி வாளியோடு கூடியிருக்கும் கருணை வடிவான தாய்மார்களே! மன்றத்துக்கு வெளியே சீமைப்பலா மரத்தடியில் இரு காதையும் பொத்தியபடி நிற்கும் அரசாங்க அதிகாரி ஃபெலெட்டி அவர்களே! அனைவருக்கும் உவாய்செலேயின் உளம் கனிந்த வணக்கம்.

அதிகாரி ஏன் வெளியே நிற்கிறார் என்று கேட்கிறீர்கள். சொல்வேன். வாளியைத் தட்டாதீர்கள் தாயே, சொல்வேன்.

கிரிப்டோ காசு! கையில் பிடிக்க முடியாத காசு. கடலில் போட்டாலும் நனையாத காசு. பெயரைக் கேட்டாலே அரசாங்கங்களுக்குக் காய்ச்சல் வரும் காசு! ஒரு நாடு அதற்கு வரி போட்டது. ஒரு நாடு தடை போட்டது. ஒன்றும் புரியாத நாடு கமிட்டி போட்டது. நான் ஆக்லாந்தில் பதினோரு வாரம் வாழ்ந்தவன். இந்தக் கல்வியை முக்கால் பங்கு கற்றவன். மீதிக் கால் பங்கைப் புத்தகத்தோடு பன்றி தின்றுவிட்டது.

பிளாக்செயின் என்றால் என்ன? நம் பெண்கள் அடிக்கும் மரப்பட்டைத் துணியைப் பாருங்கள். கட்டத்தோடு கட்டம் ஒட்டி, ஓரத்தில் எண் போடுகிறார்கள். நடுவில் ஒன்றைக் கிழித்தால் அப்புறம் ஒட்டியதெல்லாம் கூடவே வந்துவிடும். அதேதான் இது! யார் யாருக்குக் காசு அனுப்பினார் என்று எழுதிய கட்டங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் கையைப் பிடித்திருக்கும். அதன் ஒரு நகல் என் அக்கா வீட்டுக் கணினிப் பெட்டியில் இருக்கிறது, ஒன்று ஆக்லாந்தில், இன்னொன்று அமெரிக்காவின் யூட்டாவில், அங்கே குடியேறிய நம்மவர் வீடுகளில்.

ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் முதுகு ஒடிய உழைக்கும் நம் இருபத்து மூன்று பிள்ளைகள், ஓய்வு கிடைக்கும் ஞாயிறுதோறும் அந்தப் பெட்டிக்குக் காசு அனுப்பினார்கள். அந்தக் காசில் வந்ததுதான், கோவில் கூரையின் மழையைக் குடித்து நிற்கும் அந்தப் பச்சைத் தொட்டி! உப்புக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் குடித்த நாக்குகள் அன்றுதானே இனிப்பு என்றால் என்னவென்று அறிந்தன?

அப்போது வந்தது, இப்படிப்பட்ட பெட்டிக்கு உரிமம் வேண்டும் என்ற புதுச் சட்டம். பதினான்கு பக்கம்! உரிமம் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர் ஃபெலெட்டி. அவருடைய தகப்பன் எனக்குச் சிற்றப்பன் மகன். ஆகையால் நான் பெரியப்பா, என் அக்கா அவருக்கு அத்தை. காசு அனுப்புகிறவர் பெயர் தெரியுமா என்றார், தெரியும் என்றோம். அவருடைய தாத்தாவின் பன்றி பெயர்கூடத் தெரியும் என்றேன் நான். பதின்மூன்று பக்கம் பறந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரே வரி: நாட்டின் மற்றச் சட்டங்களையும் இந்தப் பெட்டி மதிக்கிறதா?

எழுதிக் கொடுக்கப் பேனாவைத் திறந்தார். அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

“இந்தப் பெட்டிய என்னன்னு நெனச்ச? உன்ன மாதிரி நாலு மணிக்கு நடையக் கட்டுற ஆளா? வாரத்துல ஏழு நாளும் ஓடும்ல!” என்றேன்.

பேனா நின்றது. “ஏழு நாளுமா, பெரியப்பா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை! நம் நாட்டில் அன்று வியாபாரம் கூடாது. அன்று செய்த ஒப்பந்தம் செல்லாது. ஆகவே ஞாயிற்றுக் கட்டம் செல்லாது. அதன் கையைப் பிடித்த திங்கள் கட்டமும் செல்லாது. திங்களைப் பிடித்த செவ்வாயும் போயிற்று. நாற்பத்தோரு ஞாயிறும் இப்படியே கிழிந்துகொண்டே போய், கடைசியில் தொட்டியே நம்முடையது இல்லை என்று முடிந்தது! குழாயில் கம்பி சுற்றினார். அரக்கு முத்திரை வைத்தார். பத்தொன்பது நாள் ஆகிறது. கூரையிலிருந்து தொட்டியில் விழுந்த மழை எந்தக் கிழமை பெய்தது என்றும் கேட்டார். வானத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதையும் குறித்துக்கொண்டார்.

நாம் சும்மா இருந்தோமா? சனிக்கிழமை வாத்தியம் முழங்கப் பெட்டியை அணைத்தோம். திங்களன்று திறந்தால், ஆக்லாந்தும் யூட்டாவும் எழுதிவைத்த ஞாயிற்றுக் கட்டங்களை ஒரே வாயில் விழுங்கிவிட்டது! யூட்டாக்காரர்களைத் திட்டினோம். இங்கே ஞாயிறு விடியும்போது தங்களுக்குச் சனிக்கிழமை, தங்கள் மேல் என்ன பாவம் என்றார்கள். பாவமே கிழமை மாறிக் கிடக்கும் உலகத்தில் ஒரு பெட்டி என்ன செய்யும்?

நேற்று, ஞாயிறு. கோவில் முடிந்து அதிகாரியைச் சாப்பிட அழைத்தாள் அக்கா. அத்தை அழைத்து மறுக்கும் மருமகன் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. சுட்ட கல்லின் சூட்டில் வேகவைக்கும் நம் உமு அடுப்புக் குழியின் மண்ணை விலக்கி, சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த மாட்டிறைச்சியை வைத்தாள். மூன்றாவது பொட்டலத்தில் அவர் கை வைக்கும்போது கேட்டாள்:

“நல்லா வெந்திருக்காடா?”

“பஞ்சு மாதிரி இருக்கு, அத்தை.”

“நாமெல்லாம் கோவில்ல இருந்தோம். யாருடா வேக வெச்சது?”

“கல்லுதான்.”

“ஞாயித்துக்கிழமைல வேல பாத்த கல்லுக்கு எப்ப முத்திர வெக்கப் போற?”

மன்றத்தோரே, உலகத்து அரசாங்கங்கள் ஒருமுறை மென்று விழுங்க வேண்டிய கேள்வி அல்லவா அது? விடியலில் மூடிவிட்டு வந்தால் தானே வேகும் உமு. சனியன்று மூடிவிட்டால் தானே எழுதும் பெட்டி! மனிதன் கை படாத வேலைக்கு மனிதச் சட்டம் எங்கே வந்தது?

ஃபெலெட்டி மெல்லுவதை நிறுத்தினார். அத்தை சொல்வது சரி, ஆனால் இன்று ஒத்துக்கொண்டால் அதுவும் ஞாயிற்று ஒப்பந்தம், செல்லாதே என்றார்.

“அப்ப இப்ப தின்னு. நாளைக்கு ஒத்துக்க” என்றாள் அக்கா.

இதோ திங்கள்! இதோ உரிமம்! இனிமேல் சனி மாலை பெட்டியை வாழையிலையும் பாயும் போட்டு மூட வேண்டும். உள்ளே என்ன வெந்தாலும் திங்கள் காலைதான் திறக்க வேண்டும். திறந்த பிறகுதான் காசு நம்முடையது. இது முதல் நிபந்தனை. பழைய நாற்பத்தோரு ஞாயிறுக்கும் இது பொருந்தும். இரண்டாவது: மாதம் ஒரு ஞாயிறு அதிகாரி வந்து உமுவைச் சோதிப்பார். பசியோடு.

மூன்றாவது நிபந்தனையை அவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அரசாங்க அதிகாரி எவர் காதிலும் விழும்படி உவாய்செலே இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் உரிமம் ரத்து!

இப்போது புரிகிறதா, அவர் ஏன் மரத்தடியில் காதைப் பொத்தி நிற்கிறார் என்று? நான் முடித்தால்தான் கையை எடுப்பார். கையை எடுத்தால்தான் அவர் கம்பியை வெட்டமுடியும். இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு என்னிடம் சரக்கு இருக்கிறது தாய்மார்களே! ஆக்லாந்துக் கதையை நான் தொடவே இல்லை! ஆனால் அக்கா என்னைப் பார்க்கிறாள்.

அறுபத்திரண்டு ஆண்டுகள் இந்த ஊருக்காக வாயைத் திறந்தவன் நான். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. இன்று என் வாய் மூடினால் குழாய் திறக்கும். இதைவிடப் பெரிய தொண்டு உண்டா?

தலைவருக்கு நன்றி, அக்காவுக்கு நன்றி, அடுப்புக் கல்லுக்கும் நன்றி. வாளியைத் தூக்குங்கள். வணக்கம்.