முந்தின ஆளோட ஆவி

இல்ல வாத்தியாரே, இந்தச் சூடு போதும். கம்பி வழியா நீட்டு, வாங்கிக்கறேன். இங்க ஒரு சூப்பு குடுக்கறாங்க, பாத்திரம் கழுவின தண்ணி தேவலாம். ஏட்டு சார், டப்பாவக் குத்திக் குத்திப் பாத்துட்டீங்கல்ல? உள்ள கத்தியும் இல்ல, கடப்பாரையும் இல்ல, வெறும் சோறு. இவரு என்கூட வேலை பாக்கறவரு சார். பேரு எதுக்கு, நாங்க எல்லாரும் வாத்தியார்னுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்த ஆளெல்லாம் இல்ல. பேச்சு அப்படி. மெதுவா, முழு வாக்கியமா பேசுவாரு.

உதடா? அட, அத விடு. இன்ஸ்பெக்டர் கேட்டாரு, சூப்பர்வைசர ஏன்டா அடிச்சன்னு. நான் அடிக்கலன்னேன். பளார்னு ஒண்ணு விட்டாரு. மறுபடி கேட்டாரு, மறுபடி அதையே சொன்னேன். ஆமான்னு தலையாட்டியிருந்தா ஒரு அடியோட போயிருக்கும். ஒரு பல்லு ஆடுது, இந்தப் பக்கமா மெல்லறேன் பாரு.

என் வீட்டுக்காரி காலையில வந்தா. அழுதா, போனா. பொண்ணு வரல. அதான் வாத்தியாரே என்னைத் தின்னுது. அடியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? வாங்கினதும் குடுத்ததும் கொஞ்சமா நஞ்சமா, பாக்ஸர்னு பட்டப்பேரு சும்மாவா வச்சீங்க? ஆனா அவ வரல. அப்பா மறுபடி கை நீட்டிட்டாருன்னு ரூம் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்காளாம்.

உனக்குத் தெரியும் அந்தக் கதை, சாருக்குத் தெரியாது. அவ பள்ளிக்கூட வாசல்ல சார். வேன்காரன் ஒருத்தன் பின்னால வந்து இடிச்சுட்டான், பொண்ணு சைக்கிளோட விழுந்தா. முட்டி கொஞ்சம் சிராய்ச்சுது, அவ்வளவுதான். நான் அவன வண்டிய விட்டு இழுத்தேன். கதவு வழியா இல்ல, ஜன்னல் வழியா. மூக்க உடைச்சேன். தரையில போட்டு விலாவுல மிதிச்சேன். அவன் அண்ணே அண்ணேன்னு அழ ஆரம்பிச்சான், அதுக்கப்புறமும் அடிச்சேன் சார். நிறுத்தத் தெரியாம இல்ல. பிடிச்சிருந்துச்சு, அதான் அடிச்சேன். திரும்பிப் பாத்தா என் பொண்ணு அந்த ஆளு பக்கத்துல உக்காந்து, தன் கைக்குட்டைய அவன் மூக்குல வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கா. என்னை நிமிந்துகூடப் பாக்கல. வீட்டுக்கு வந்து சொன்னா, இன்னொரு தடவை யாரையாவது அடிச்சீங்கன்னா எனக்கு அப்பா இல்லன்னு நெனச்சுக்கறேன்னு. கத்தியிருந்தா பரவாயில்ல. மெதுவாச் சொல்லிட்டுப் போயிட்டா.

அன்னியிலருந்து நான் ஒருத்தன் மேலயும் கை வைக்கல. எவ்வளவு பேரு வந்து உரசினாங்க, வம்புக்கு இழுத்தாங்க. எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டேன். வேணும்னா வாத்தியாரக் கேளுங்க.

என்ன சார்? ஆமா, சோறு சுட வைக்கற மைக்ரோவேவ்ல இருக்கற சென்சார் பட்டன்லதான் சண்டையே. உங்க வீட்டுலயும் வாங்கியிருக்காங்களா? அப்ப கேட்டுக்குங்க, உபயோகப்படும்.

எங்களது குளிர்க்கிடங்கு சார். மீனு, கறி, ஐஸ்கிரீமுன்னு பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கும். உள்ள போனா மூக்குக்குள்ள முடி உறையும். மத்தியானம் வெளிய வரும்போது விரல் நம்ம பேச்சக் கேக்காது, சட்டை பட்டனக் கழட்ட முடியாது. சாப்பிட அரை மணி நேரம். அப்ப ஒரு வாய் சூடா உள்ள போகலன்னா மனுஷன் மனுஷனா இருக்க மாட்டான்.

முன்னாடி ஒரு பழைய மைக்ரோவேவ் இருந்துச்சு, காது மாதிரி ஒரு குமிழு, திருகிவிட்டா ஓடும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம், வரிசை தானா நகரும். ஒருநாள் எவனோ முழு முட்டைய ஓட்டோட வச்சுத் திருகிவிட்டான். வெடிச்சு, கதவு பிளந்து, அவன் புருவமெல்லாம் பொசுங்கிப் போச்சு. சூப்பர்வைசர் புதுசு ஒண்ணு கொண்டாந்து வச்சாரு. வச்சவரு சும்மா இருந்தாரா? நம்பர் பட்டன் மேலயெல்லாம் டேப் ஒட்டிட்டாரு. ஒரே ஒரு பட்டன்தான் அமுக்கணும், சென்சாரு. மெஷினே பாத்துக்கும், உங்க மூளைக்கு லீவு விடுங்கடான்னாரு.

அது எப்படி வேலை செய்யுதுன்னு வாத்தியார்தான் கூட வந்த புத்தகத்தப் படிச்சுச் சொன்னாரு. சோறு சூடானா ஆவி வரும்ல, அத அந்த மெஷினு மோந்து பாக்குது. மோந்து பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் இன்னும் இவ்வளவு நேரம்னு நம்பர் காட்டும். நம்பர் வர்ற வரைக்கும் கதவத் தொடப்படாது, தொட்டா முதல்லருந்து ஆரம்பிக்கணும். மூடிய இறுக்கி மூடினா ஆவி வெளிய வராது, லேசா திறந்து வைக்கணும். முக்கியமா உள்ள ஈரம் இருக்கப்படாது. ஒருத்தன் டப்பாவ எடுத்ததும் நல்லாத் துடைச்சு, கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்தவன் வைக்கணும். இல்லன்னா அது முந்தின ஆளோட ஆவிய மோந்துட்டு, ஆங், சூடாயிடுச்சுன்னு நம்ம டப்பாவுக்கு மணி அடிச்சுடும். திறந்து பாத்தா நடுவுல ஐஸு. செத்தவன் ஆவின்னு நெனச்சுட்டீங்களா? நல்ல ஆளு சார் நீங்க.

அரை மணி நேரத்துல எவன் சார் ஆறவிடுவான்? முன்னால நிக்கறவனுது எப்ப முடியும்னும் தெரியாது. எவ்வளவு நேரம்னு தெரியாம பசியோட நிக்கறது இருக்கே, அது ஆளையே மாத்திடும். முழங்கைய விலாவுல விடுவான் ஒருத்தன். காலத் தட்டிவிட்டுட்டு வைப்பான் இன்னொருத்தன். பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டறவன் கொதிக்கற சூப்ப ஒரு ஆளு கையில சாச்சான், தோலு கையுறை கழட்டின மாதிரி வந்துடுச்சு. அத்தனையும் ஒரு சோத்து டப்பாவுக்கு.

இதுல நம்ம வாத்தியாரு என்ன பண்ணாரு தெரியுமா? வீட்டுலருந்து ஒரு துணி கொண்டாந்தாரு. ஒவ்வொருத்தன் எடுத்ததும் உள்ள கைய விட்டுத் துடைச்சு விடுவாரு. எல்லாருக்கும். சம்பளமா குடுத்தாங்க? எல்லாருக்கும் துடைச்சுட்டு தன்னுத கடைசியா வைப்பாரு. அதுக்குள்ள வேலைக்கு மணி அடிச்சுடும். ஜில்லுன்னு இருக்கறத அப்படியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு உள்ள வருவாரு. நான் சொல்லுவேன், யோவ், ஒரே ஒரு தடவை கத்து யோவ், வாயில என்ன கொழுக்கட்டையான்னு. சிரிப்பாரு. கோவமே வராதா இந்த மனுஷனுக்குன்னு எனக்கு எரிச்சலா வரும்.

அன்னிக்கு இவருக்கு அதிசயமா சீக்கிரம் முறை வந்துச்சு. ரெண்டு பேரு லீவு. டப்பா உள்ள சுத்துது, இன்னும் நம்பர் வரல. சூப்பர்வைசர் எப்பவும் தன் ரூம்ல சாப்பிடற ஆளு, அன்னிக்கின்னு பாத்து இங்க வந்தாரு. கதவப் படார்னு திறந்தாரு. உள்ள இருந்த டப்பாவ மேசையில வீசினாரு. அது வழுக்கிக்கிட்டுப் போயி கீழ விழுந்து, சோறெல்லாம் வாத்தியார் பூட்ஸ் மேல. தன் டப்பாவ வச்சு பட்டன அமுக்கிட்டுத் திரும்பிச் சொல்றாரு, வாத்தியாரே, துணிதான் கையோட இருக்கே, துடைச்சுடு. எல்லாரும் சிரிச்சானுங்க சார். இவரு துடைச்சு விட்டதுல சூடாத் தின்ன வாயிங்க, அத்தனையும் சிரிச்சுது.

வாத்தியார் மண்டி போட்டுட்டாரு. நெசமாவே துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. அதப் பாத்ததும் எனக்கு உள்ள என்னமோ அறுந்துபோச்சு. சூப்பர்வைசர் சட்டையப் பிடிச்சேன். அது உண்மை, எழுதிக்குங்க. மேசையோட சாச்சு நெருக்கினேன், அவரு குரல்வளை என் கட்டைவிரலுக்குக் கீழ துடிக்குது. மன்னிப்புக் கேளு, இல்ல உன் மூஞ்சிய அந்தப் பொட்டிக்குள்ள திணிச்சு பட்டன அமுக்கிடுவேன்னேன். அதுவும் உண்மை. ஆனா ஓங்கல. என் பொண்ணு சத்தியமா கைய ஓங்கல. பின்னாலருந்து ரெண்டு பேரு என் இடுப்பக் கட்டிக்கிட்டு, தலைய முதுகுல புதைச்சுக்கிட்டு இழுக்கறானுங்க. மத்தவனுங்க அவனுங்களுக்குப் பின்னால நின்னு கத்தறானுங்க. அப்ப கேட்டுச்சு டமால்னு. பொட்டிக்குள்ள சுத்துமே கனமான கண்ணாடித் தட்டு, அது அவரு பின்மண்டையில. காது பாதி பிஞ்சு தொங்குது. ரத்தம் என் வாயில தெறிச்சுது, உப்பா, வெதுவெதுப்பா. ஆளு என் மேலயே சரிஞ்சு விழுந்தாரு.

கூட்டம் எட்டிப் பாத்தப்ப உடைஞ்ச தட்டுல ஒரு துண்டு என் கையில இருக்கு. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அவரும் என் பேரத்தான் சொன்னாராம். பின்ன, கடைசியாப் பாத்த மூஞ்சி என்னுதுதான?

எவன் அடிச்சான்னு என்னைக் கேட்டா? கண்ணு பூரா ரத்தம் சார், என்னத்தக் கண்டேன். உங்க இன்ஸ்பெக்டர் கேட்டாரா என்ன? வந்தாரு, என் பழைய ஆவிய ஒரு மோப்பம் பிடிச்சாரு, மணி அடிச்சுட்டாரு. கோவிச்சுக்காதீங்க, தமாசுக்குச் சொன்னேன். ஃபோன் அடிக்குது பாருங்க உங்களுக்கு. வீட்டுலருந்தா? பேசிட்டு வாங்க, பேசிட்டு வாங்க. வெளிய போனாதான் சிக்னல் சரியாக் கிடைக்கும்.

போயிட்டானா?

கிட்ட வா. இன்னும் கிட்ட. கம்பியப் பிடிச்சுக்க. நீ வந்ததுலருந்து வாயத் திறக்கல, நான் ஏன் வளவளன்னு பேசிக்கிட்டே இருக்கேன்னு நெனைக்கற? அந்த ஆளு உன் மூஞ்சியப் பாத்துடக் கூடாதுன்னுதான். உன்னப் பாத்தா எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு.

நான் சொல்லிட்டேனான்னு பாக்கத்தான வந்த? சொல்லல.

எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது வாத்தியாரே. சூப்பர்வைசர் தோளுக்குப் பின்னால நீ தரையிலருந்து எழுந்திருச்ச. பொட்டியத் திறந்த. அவன் டப்பா உள்ள இருந்துச்சு, அத எடுத்து பதவிசா மேசை மேல வச்ச, மூடியக்கூட சரி பண்ண. அப்புறம்தான் தட்ட எடுத்த, ரெண்டு கையாலயும். நான் அப்பக்கூட துடைக்கத்தான் எடுக்கறியோன்னு நெனச்சேன்யா! அடிச்சதோட விட்டியா? கையில மிஞ்சின கண்ணாடித் துண்டோட அவன் கழுத்துக்கு வந்த. நான் பிடுங்கலன்னா அவன் இன்னிக்கு ஆஸ்பத்திரியில இல்ல, மண்ணுக்குள்ள இருப்பான், நீ இந்தக் கம்பிக்கு உள்ள இருப்ப. உன் கண்ணப் பாத்தேன். அந்த வேன்காரன் மூக்க உடைக்கும்போது என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். நீயும் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்ட. சோத்துல கை வச்சா உருண்டை பிடிக்க வராது. எனக்குத் தெரியாததா.

ஏன் சொல்லலன்னா, முதல்ல நானே நம்பல. அப்புறம் உன் ரெண்டு சின்னக் குழந்தைங்க ஞாபகம் வந்துச்சு. அதுக்காக உன் மேல கோவமே இல்லன்னு நெனச்சுடாத. இந்தச் சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்து உன் கழுத்த எத்தனை வாட்டி நெரிச்சேன் தெரியுமா? இன்ஸ்பெக்டர்கிட்ட நீ சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, அது உன் மனசாட்சி. சூப்பர்வைசர் பிழைச்சுட்டான், கொஞ்ச காலம் உள்ள இருப்பேன், ஜெயிலு எனக்கு மாமியார் வீடு மாதிரிதான், பயந்து நிக்கறதுக்கு என்ன? ஆனா ஒண்ணு செய்யணும் நீ. இங்கருந்து உன் வீட்டுக்குப் போகாத. நேரா என் வீட்டுக்குப் போ. என் பொண்ணுகிட்ட சொல்லு. உங்க அப்பா அடிக்கல, நான்தான் அடிச்சேன்னு. அந்த ரெண்டு வார்த்தையும் முழுசா வரணும். யாரோ எவனோன்னு இழுத்தா அவ பிடிச்சுடுவா, என்னை மாதிரி மக்கு இல்ல அவ. மாமா மாமான்னு உன் மேல உசுரு, நீ பொய் சொல்ல மாட்டன்னு நம்புவா.

தலைய ஆட்டாத, வாயால சொல்லு. சொல்லுவியா?

சொல்லாம விட்டன்னு வை. என்னிக்காவது ஒருநாள் வெளிய வருவேன்ல? அன்னிக்கு ஊரு என்னைப் பத்தி என்னென்ன சொல்லுதோ அத்தனையும் உன் வீட்டு வாசல்ல நெசமாக்கிட்டுத்தான் போவேன். உன் எலும்ப எண்ணி எடுத்து உன் பொண்டாட்டி கையில குடுப்பேன். பொண்ணே இல்லன்னு ஆனப்புறம் நான் யாருக்குப் பயந்து அடங்கிக் கெடக்கணும் சொல்லு.

அழாதயா. அவன் வர்றான் பாரு, மூஞ்சியத் துடை. சோறு நல்லா இருந்துச்சுன்னு வீட்டுல சொல்லு. வாங்க சார், இவரு கிளம்பிட்டாரு. போ வாத்தியாரே. அவ வெளிய வர மாட்டா, உனக்குப் பதிலும் சொல்ல மாட்டா. நீ பாட்டுக்குக் கதவுகிட்ட நின்னு சொல்லிட்டு வா. கேட்டுக்கிட்டுதான் இருப்பா.