சாம்பல் நிறத்தில் ஓர் எச்சரிக்கை

ஐந்து நிறத்தில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையை நான் முழுதாகப் படித்ததே இல்லை, சார். கண் கூசும். மணமேல்குடி நாட்டுப்படகுக்காரர்கள் சங்கத்தின் இணையதளமும் அப்படித்தான் இருந்தது. மீன் விலைக்கு மஞ்சள், காற்று சரியாக இருந்தால் பச்சை, கடலுக்குப் போகக் கூடாது என்றால் பக்கம் முழுக்கச் சிவப்பு. சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளமதி செய்தது. திருவிழாக் கடையில் பலூன் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்.

நான் புதுக்கோட்டையில் பதினாறு வருஷமாக இணையதளம் வடிவமைக்கிற வேலை செய்கிறவன். புதுப்பிக்க என்னிடம் கொடுத்தார்கள். எல்லாச் செய்திக்கும் ஒரே அளவுப் பெட்டி, ஒரே எழுத்து, வெள்ளையில் சாம்பல் நிறம் என்று மாற்றினேன். வெளிநாட்டுக் கம்பெனிப் பக்கம் போல ஆகிவிட்டது.

இளமதிக்குப் பிடிக்கவில்லை. "படிக்கத் தெரியாதவங்க நெறயப் பேரு இருக்காங்க சார். செவப்பப் பாத்தாத்தான் படக எறக்க மாட்டாங்க."

"படிக்கக் கத்துக்கட்டும்மா," என்றேன்.

இந்தப் பக்கத்தைச் சென்னையில் ஒரு வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்பியிருந்தேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு நடுவர்கள் பார்ப்பதாக இருந்தது. அன்று மதியம்தான் புயல் எச்சரிக்கை வந்தது. இளமதி அதைச் சிவப்பில் போட்டாள். நான் சாம்பலாக்கினேன். மறுபடி சிவப்பாக்கினாள். திரும்பவும் சாம்பலாக்கி, பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

போன் செய்தாள். "இன்னைக்கு ஒரு நாளு மட்டும் விடுங்க சார். நாலு மணிக்குப் படகு எறங்கிரும்."

"ஒரு நாளுன்னு ஆரம்பிச்சா அப்புறம் ஒழுங்கு எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

அவளே ஸ்கூட்டியில் கரைக்கு ஓடியிருக்கிறாள். ஏழு படகை நிறுத்திவிட்டாள். சிவசாமியும் அவர் தம்பி கண்ணனும் போனில் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதற்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். சனிக்கிழமை இரண்டு உடலும் கரை ஒதுங்கின.

சிவசாமியின் மனைவி என் ஆபீசுக்கு வந்து நின்றார். "செவப்பு இல்லையேன்னுதான் அவுக போனாக."

"எழுத்து இருந்துச்சேம்மா," என்றேன்.

எச்சரிக்கையை நான் படிக்கவே இல்லை என்று விசாரணையில் உங்களிடம் சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். எதற்குப் பொய்? ஒரு வரி விடாமல் படித்தேன். 'சூறாவளிக் காற்று' என்பதில் 'க்' விட்டிருந்தாள். அதைத் திருத்திய பிறகுதான் நிறத்தை எடுத்தேன். அந்த ஜனங்கள் மேல் அக்கறை இல்லாதவன் அதைச் செய்வானா, சார்?