பெண் வீட்டில் சொன்ன குலம்

— தலையை ஆட்டாதீங்க, சலோங்கோ. ஆட்டினா மூளை அலை கலைஞ்சு பதிவாகும்.

— இரட்டைப் பிள்ளை பெத்தவர்னு மரியாதையாக் கூப்பிடறே, தலை பூராப் பசையை அப்பறே. மசாக்கா ஊர்ல இந்தத் தலைக்கு ஒரு மதிப்பு இருந்தது, டாக்டரம்மா. இப்போ கம்பி தொங்கற மின்கம்பம்.

— கண்ணை மூடிக்கங்க. போன வாரம் ஞாபகச் சோதனையில கொஞ்சம் சறுக்கினீங்க இல்லே? அந்த மாதிரி சறுக்கல் சில பேருக்கு அப்படியே நின்னுரும், சில பேருக்கு மறதி நோயா முத்தும். யாருக்கு எப்படின்னு இந்த அலை முன்கூட்டியே ஓரளவு காட்டும்.

— எனக்கு முத்திப் பழுத்தாச்சு. எழுதிக்கோ.

— அதை நான்தான் சொல்லணும். அந்தப் பெண் வீட்டுல என்னதான் ஆச்சு?

— ஊரே சிரிச்சு ஓய்ஞ்சாச்சு, நீ மட்டும் பாக்கியா? பேரன் டெனிஸுக்குப் பெண் கேட்கப் போனோம். வெள்ளைக் கன்சு அங்கி, மேல கோட்டு, முன்னால நான். பின்னால வாழைக்காய்க் கூடையும் கோழியுமா எங்க ஆளுங்க. உங்க குலம் என்னன்னு கேட்டாங்க. எழுந்து நின்னு, தொண்டையைக் கனைச்சு, கணீர்னு சொன்னேன், காளான் குலம்னு.

— நீங்க குரங்குக் குலம் இல்லையா?

— ஆமா. காளான் அவங்க.

— அப்போ மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே குலம்னு ஆயிருச்சே. ஒரே குலத்துல கட்டக் கூடாதே.

— அதேதான். பெண் கேட்கப் போய், பெண்ணுக்கு ஒரு அண்ணனைக் கொண்டுவந்திருக்கேன்னு ஒலிபெருக்கியில அறிவிச்ச ஒரே கிழவன் நான். கோழி கூட வாயை மூடிக்கிச்சு.

— வாய் தவறிப் போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே.

— வாய் ஒரு வார்த்தை தவறும். நான் அப்பன், பாட்டன், பூட்டன், முப்பாட்டன் குடியிருந்த குன்று வரைக்கும் காளான் குலத்துப் பேரா அடுக்கினேன். பிசகே இல்லே. பெண் வீட்டுக்காகப் பேச வந்த ஆளே அசந்துட்டார். இத்தனை பேரைச் சொன்னவனுக்கு மறதின்னா நானே சிரிப்பேன். ஆனா நீ சொன்னா நம்புவாங்க. பெண்ணோட பெரியப்பா வெளிய பெஞ்சுல காத்திருக்கார். எனக்கு மறதி நோய்னு நீ சொல்லிட்டா அந்தப் பேச்சை விட்டுருவாங்க, கல்யாணம் நடக்கும். புத்தியோடதான் சொன்னேன்னா நடக்காது.

— கண்ணைத் திறக்கலாம். பதிவு முடிஞ்சுது, கணினிக் கணக்கும் வந்தாச்சு.

— மெதுவாச் சொல்லு. தாங்கிக்கறேன்.

— நல்ல சேதிதான். உங்க அலை வேகம் குறையலே. உறுதியாச் சொல்ல யாராலயும் முடியாது, ஆனா மறதி நோய்ப் பக்கம் போற அறிகுறி இப்போ இல்லே.

— இன்னொரு தடவை பாரு. பசை பத்தலையோ என்னவோ.

— போதுமான அளவு இருக்கு.

— பார்க்கறதுக்கே நான் கொஞ்சம் மந்தமாத் தெரியலையா? என் பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவா.

— தெரியலே, சலோங்கோ. நோய் இல்லேன்னா எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுவாங்க. நீங்க பேரம் பேசறீங்க.

— உள்ளது உள்ளபடி சொல்றதை விட்டுட்டு ஒரு குடும்ப மானத்தைக் காப்பாத்தேன், தாயி. இந்தக் கிழவனைப் பைத்தியம்னு சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— வெறும் தடுமாற்றத்துக்கு இவ்வளவு கெஞ்சலா? அந்தப் பெரியப்பாகிட்டே நானே பேசறேன். நோய் இல்லே, ஏதோ பதற்றத்துல குலத்தை மாத்திச் சொல்லிட்டார்னு.

— மாத்திச் சொல்லலேம்மா. என் ஆயுசுல அன்னைக்கு ஒரு தடவைதான் என் குலத்தைச் சரியாச் சொன்னேன்.