நடவு வண்டிக்கு முகக்கவசம் போட்டுவிட்ட ஃபிளோரா நர்ஸம்மா

மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவர் இளவழகன் அவர்களே, நர்ஸம்மாவின் கணவர் ஆண்டனி சார் அவர்களே, காலில் சேறு காய்வதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும் நடவு ஆட்களே, பெரியவர்களே, பிள்ளைகளே! எல்லோருக்கும் பஞ்சநதத்தின் வணக்கம்.

நான் நாற்று பறிக்கிறவன். இந்தத் தாளில் இருப்பது நானே எழுதியது. போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவசர வேலை இருப்பவர்கள் போய் முடித்துவிட்டு வாருங்கள், அப்போதும் நான் வாசித்துக்கொண்டுதான் இருப்பேன்.

சிரியுங்கள், தப்பில்லை. மாலை போட்டிருக்கும் ஃபிளோரா அம்மையார் படத்துக்கு முன்னால் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது. நம்முடைய துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் அவர். என் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர். என் பேரப்பிள்ளைகளுக்கும் ஊசி போட்டவர். அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நான் ஒரே ஒரு குறுவை நடவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கொரோனா இரண்டாம் முறை வந்த குறுவை. ஊர் அடங்கிக் கிடந்தது. ஆனால் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் நாற்று காத்திருக்குமா? நடவு வேலைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு முகக்கவசமும் கொடுத்தார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நடவுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள் அல்லவா? முகக்கவசத்தையும் அந்தச் சட்டைக் கணக்கில் சேர்த்துவிட்டோம்! வயலில் இறங்கும்போது போட்டுக்கொள்வது. கரையேறியதும் சட்டையோடு சேர்த்துக் கழற்றி வாய்க்காலில் அலசிப் பிழிந்துகொள்வது. பிறகு செந்தில்குமாரின் லோடு ஆட்டோவில் மூட்டை அடுக்கியது போல நெருக்கி உட்கார்ந்து, வெயிலுக்குத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெற்றிலை மாற்றிப் பேசிக்கொண்டே ஊர் வந்து சேர்வது.

ஒரு நாள் ஸ்கூட்டியை வரப்பு ஓரம் நிறுத்திவிட்டு இதை எல்லாம் பார்த்த நர்ஸம்மா, எங்கள் நடவுக் குழுத் தலைவி ராஜாத்தியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா ராஜாத்தி, இம்மாம் பெரிய வெளியில, இவ்ளோ காத்துல, யாருக்குப் பயந்து மூடியிருக்கீங்க? அந்தக் கொக்குக்கா?"

கூட்டமே சிரித்தது. அவர் விடவில்லை. "ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல படற மாதிரி வண்டியில ஏறுறப்ப கழட்டி இடுப்புல சொருவிக்கிறீங்க. தலைகீழா இல்ல இருக்கு! வயல்ல தள்ளித் தள்ளி நின்னு நாத்த நடுங்க, அங்க கழட்டிக்குங்க. வண்டியில போடுங்க. அதுவும் காஞ்சதாப் போடுங்க."

சொல்லிவிட்டுத் தானே போய்த் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்.

செந்தில்குமார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொள்கிறார், பாருங்கள்! அன்று அவர் குனியவில்லை. "நர்ஸம்மா, நாத்த நிழல்லயே பொத்தி வளத்தா, நட்டதும் சாஞ்சிடும். அது மாதிரி மூஞ்ச மூடிக்கிட்டே இருந்தா உடம்புல இருக்குற எதிர்ப்பு சக்தி போயிடும்னு போன்ல போட்டிருக்கான்" என்றார்.

"அப்படியா தம்பி? நாத்து கெட்டிப்படணும்னு பக்கத்து வயல்ல இருக்குற புகையான் பூச்சியப் புடிச்சாந்து உன் வயல்ல விடுவியா?"

செந்தில்குமார் அவிழ்ந்த தார்ப்பாய்க் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். நர்ஸம்மா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "சோத்துலயும் தண்ணியிலயும் சேத்துலயும் உன் உடம்பு தினமும் எத்தனையோ கிருமியப் பாக்குது. மூக்குல ஒரு துணி கட்டுனா அதெல்லாம் நின்னுடாது. அடுத்தவன் மூச்சுல இருந்து இந்தக் கிருமி வர்றது குறையும். உன் மூச்சுல இருந்து அடுத்தவனுக்குப் போறதும் குறையும். எதிர்ப்பு சக்தி வேணும்னா தடுப்பூசி வந்திருக்கு, கைய நீட்டு."

"அப்ப மாஸ்க்கப் போட்டா வரவே வராதா?" என்று கேட்டார் செந்தில்குமார்.

"வரவே வராதுன்னு நான் சொன்னேனா? குறையும்னுதான் சொன்னேன்."

அதுதான் ஃபிளோரா அம்மையார்! நாம் கேட்க ஆசைப்படுவதைச் சொல்ல மாட்டார். தெரிந்ததைத்தான் சொல்வார்.

அன்று மற்றவர்கள் வண்டி ஏறிய பிறகு ராஜாத்தி நர்ஸம்மாவிடம் தனியாகப் போய் நின்றது. நாற்றுமுடி கட்டிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "நர்ஸம்மா, வீட்டுல குந்தவை நிறைமாசமா இருக்கா. நான் வேலைக்கு வந்து, இந்தச் சனியன என் பொண்ணுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு. வராம இருந்தாலும் அடுப்பு எரியாது."

"வேலைக்கு வா. வண்டியில மாஸ்க்கக் கழட்டாத. வீட்டுல அவ படுக்குற எடத்துல படுக்காத, ஜன்னலத் தொறந்து வை. காய்ச்சல்னு தோணினா அன்னைக்கே எனக்குச் சொல்லு. மறைக்காத."

மறைக்காதே என்று ஏன் சொன்னார்? காய்ச்சல் என்று சொன்னால் குழுவில் இடம் போய்விடும். அடுத்த வயலுக்கு வேறு ஆள் ஏறிவிடும். அதற்குப் பயந்துதான் மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டி ஏறுவோம். இது நமக்குத் தெரியும். நர்ஸம்மாவுக்கும் தெரியும்.

ராஜாத்திக்குக் காய்ச்சல் வந்தே விட்டது. "மாஸ்க் போட்டும் வந்துட்டுது பாத்தியா" என்று ஊரே பேசியது. ஆனால் ராஜாத்தி மறைக்கவில்லை. சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கிக்கொண்டது. நர்ஸம்மா தினமும் வாசலில் நின்று தாயையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். அங்கிருந்து நேரே எங்கள் வயலுக்கு வந்தார். "ராஜாத்தி எடத்த யாருக்கும் குடுக்கக் கூடாது. அவ நட வேண்டியத நீங்க சேந்து நடுங்க. இல்லன்னா அடுத்த காய்ச்சல எவளும் எங்கிட்ட சொல்ல மாட்டா" என்றார். ராஜாத்தி நடவேண்டியதை நாங்கள் நட்டோம்!

குந்தவைக்குக் காய்ச்சல் வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. தேறி வந்த ராஜாத்தி கும்பிட்டு, "உங்க மாஸ்க்குதான் நர்ஸம்மா காப்பாத்துச்சு" என்று அழுதது. "அது மட்டும்தான்னு சொல்லாத. ஜன்னலும்தான், கொட்டகையும்தான், நீ அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னதும்தான். எது எவ்ளோன்னு எனக்கே தெரியாது" என்றார் அவர்.

அந்தக் குறுவை முழுக்க அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. கண் ஓரத்தில் விழும் சுருக்கத்தை வைத்துத்தான் சிரிக்கிறாரா, திட்டப்போகிறாரா என்று கண்டுபிடிப்போம். பயமான காலம்தான். ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, ஆண்டனி சார். தூரத்தில் அந்த ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே இடுப்பில் சொருகியதை எடுத்து அவசரமாக மாட்டிக்கொள்வோமே! இனி எந்தச் சத்தத்துக்கு மாட்டிக்கொள்வோம்?

அதனால் நாங்கள் கூடிப் பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அதை இந்தச் சபையில் அம்மையாரின் பெயரால் சொல்கிறேன். நாளை விடியலில் வண்டி புறப்படும். அதற்கு முன்னால் ராஜாத்தி ஒரு கேள்வி கேட்கும்: "யாருக்கு உடம்பு முடியல?" இருமல் என்றாலும் காய்ச்சல் என்றாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். லேசான சளி என்றால் முகக்கவசம் போட்டு ஓரமாக உட்காருங்கள். காய்ச்சல் என்றால் வீட்டில் படுங்கள். அப்படிப் படுப்பவர் நடவேண்டியதை மற்றவர்கள் நட்டு முடிப்போம். இது இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் இல்லை.

இன்று காலையே ராஜாத்தி கேட்டுப் பார்த்தது. வண்டியின் கடைசியிலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. கை தூக்கிய பெண்ணை வண்டியிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பினோம். அந்தப் பெண்ணின் பங்கை நட்டு முடித்த பிறகுதான், அம்மா, நாங்கள் எல்லோரும் உங்களைப் பார்க்க வந்திருக்கிறோம்.