ஐந்தாவது கண்ணாடி

சொந்தமாகக் கட்டட ஆலோசனை அலுவலகம் தொடங்கியபோது எனக்கு வந்த முதல் சிக்கல் பெயர்ப்பலகையின் நிறம். நீலம் என்றேன் நான், பச்சை என்றாள் மனைவி. பச்சையையே மாட்டினோம். இரண்டு மாதம் ஈ ஓட்டினேன். ஒருநாள் பழைய முதலாளி காரை நிறுத்தி, "பலகை நல்லாருக்குப்பா. உள்ள வரத்தான் ஆளைக் காணோம்" என்று சிரித்துவிட்டுப் போனார். என் வயிறு எரிந்தது.

மூன்றாம் மாதம் தையலக்கா வந்தார். முதல் வாடிக்கையாளர். ஒரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மூன்று பெண்களை வைத்துத் தையல் கடை நடத்தினார். "தூண்ல விரிசல் விட்டிருக்கு தம்பி. வெறும் பூச்சுதானா, இல்ல பயப்படணுமா?" என்று கேட்டார்.

பார்த்ததுமே தெரிந்தது, தூண் உள்ளுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் வரைபடத்தை வாங்கிப் பிரித்தேன். அடியில் வடிவமைத்த பொறியாளர் என்று பழைய முதலாளியின் கையெழுத்து. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அன்றே அறிக்கை எழுதினேன். 'உடனே காலி செய்ய வேண்டும்.' ஒரு வரிகூடப் பொய் இல்லை. பெற்றுக்கொண்டதாகக் கடைசிப் பக்கத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கினேன். "நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்று படிக்காமலே போட்டார். இரண்டு பிரதியையும் என் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். அக்காவிடம், "உடைஞ்சா கூப்பிடுங்க, புதுசு ஒட்டிடறேன். அப்புறம் பயமில்ல" என்றேன். நாலு முறை கூப்பிட்டார். நாலு முறையும் போய் ஒட்டினேன். "கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றார் பாருங்கடி" என்று அந்தப் பெண்களிடம் என்னைப் புகழ்வார்.

ஆளில்லாத கட்டடம் விழுந்தால் செய்தித்தாளில் நாலு வரி வரும், அவ்வளவுதான். யாரும் வரைபடத்தைத் தேட மாட்டார்கள். நீங்களே தேடியிருப்பீர்களா, ஐயா?

ஐந்தாவது கண்ணாடி ஒரு காலையில் உடைந்தது. "சத்தம் போட்டு உடைஞ்சிருச்சு தம்பி. மேலேருந்து மண்ணு கொட்டுது. பொண்ணுங்களைக் கூட்டிட்டு வெளிய போயிரட்டுமா?"

"வேண்டாம்க்கா. வாசல்ல நின்னா தலையில பூச்சு விழும். உள்ளேயே இருங்க, நான் வந்துட்டே இருக்கேன்."

தேநீரைக் குடித்து முடித்தேன். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கட்டடம் இடிந்து விழுந்தது. அக்காவும் இரண்டு பெண்களும் போய்ச் சேர்ந்தார்கள். நிருபர்களிடம் அறிக்கையைக் காட்டி, "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கலையே" என்றேன். கண் கலங்கியது, அது நடிப்பில்லை. பழைய முதலாளி கைதானார். அவருடைய வாடிக்கையாளர்கள் என் பச்சைப் பலகையைத் தேடி வந்தார்கள். மூன்றாவது பெண் கால் உடைந்து பிழைத்துக்கொண்டாள். போன் பேசும்போது அக்கா பக்கத்தில் நின்றவள் அவள்.

அவள் சாட்சிக் கூண்டில் சொன்னதெல்லாம் உண்மைதான், ஐயா. மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் ஒரு பிழை கண்டுபிடித்தால், என்னைக் குற்றவாளி என்று சொல்லுங்கள்.